சிவப்புத் தோட்டத்தில் ஆள் வேண்டும்

எங்கள் வீட்டுக் கூடத்தின் பெரிய சுவர் இரண்டு வருடமாக வெறுமையாகக் கிடந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேப் டவுனுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் ஒன்பது வருடம் வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். சொந்த வீடு வாங்கியதும் அடிக்கிற முதல் ஆணி ஒரு திராட்சைத் தோட்டப் படத்துக்குத்தான் என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன். அந்தப் படம் கிடைக்கத்தான் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஏன் திராட்சைத் தோட்டம் என்று என் கணவர்கூடக் கேட்டார். நான் பிறந்தது சுருளிப்பட்டி. கம்பம் பள்ளத்தாக்கில் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. எங்கள் ஊரில் திராட்சை என்றால் பந்தல்தான். கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டி, கொடியைத் தலைக்கு மேல் படர விடுவார்கள். உள்ளே நுழைந்தால் வெயில் காணாமல் போய்விடும். நிமிர்ந்து பார்த்தால் வானம் இருக்காது, இலையும் கொத்தும்தான் இருக்கும். ஆறாம் வகுப்பு விடுமுறையில் அப்பா என் கையில் கத்தரியைக் கொடுத்து முதன்முதலாகக் கொத்து வெட்டச் சொன்னார். நான் கொத்தை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தேன். "பழத்தத் தொடாத தாயி, காம்பப் பிடி" என்றார். பன்னீர் திராட்சையின் மேல் வெள்ளையாக ஒரு மாவு படிந்திருக்கும். அது பழம் தானே பூசிக்கொள்கிற மெழுகு. விரல் பட்டால் அந்த இடம் கறுப்பாகப் பளபளக்கும். கமிஷன் கடையில் அதைப் பார்த்தே விலையைக் குறைப்பார்கள். காம்பை இரண்டு விரலால் பிடித்து, வெட்டி, கொத்து ஆடாமல் கூடையில் இறக்க வேண்டும். இன்று வரை கடையில் திராட்சை எடுத்தால் என் விரல் காம்பைத்தான் தேடும்.

1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இந்தப் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். வெளியூர்ப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா போன் செய்து அரை மணி நேரம் பேசினார். வருடம் முழுக்கக் காய்க்கிற ஊர் அது. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கொத்து வெட்டுவார்கள். இலை உதிர்ந்து கொடி தூங்குகிற பருவம் என்று ஒன்றை நான் ஊரில் பார்த்ததே இல்லை.

அதனால் இங்கே வந்த முதல் ஏப்ரலில் பயந்துபோனேன். நான் வேலை பார்ப்பது ஒரு பழ ஏற்றுமதிக் கம்பெனியின் கணக்குப் பிரிவில். ஸ்டாக் சரிபார்க்க டி டோர்ன்ஸுக்கு அனுப்பினார்கள். கேப் டவுனிலிருந்து என்1 சாலையில் சுமார் 140 கிலோமீட்டர். பார்ல் தாண்டி, மலையைக் குடைந்து 1988-ல் திறந்த ஹியூகனாட் சுரங்கப்பாதையில் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் இருட்டில் போய் வெளியே வந்தால் ஊரே வேறு மாதிரி இருக்கும். வூஸ்டரைக் கடந்து ஹெக்ஸ் ரிவர் பள்ளத்தாக்கில் வண்டி இறங்கியதும் இரண்டு பக்கமும் சிவப்பு. குங்குமச் சிவப்பு, மாதுளைச் சிவப்பு, நடுநடுவே பழுத்த எலுமிச்சையின் மஞ்சள். கூட வந்த டிரைவரிடம் "இது என்ன நோய்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார்: பார்லிங்கா என்ற கறுப்புத் திராட்சையின் இலை இது, குளிர் தொடங்கும்போது இப்படித்தான் ஆகும், இன்னும் மூன்று வாரத்தில் எல்லாம் உதிர்ந்து கட்டைதான் நிற்கும்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. குளிரில் பச்சையம் சிதைந்துபோகும். கறுப்பு, சிவப்பு ரகங்களின் இலையில் பழத்தில் இருக்கிற அதே சாயம் ஊறும், வெள்ளை ரகங்களில் அது ஊறாது, அடியில் இருந்த மஞ்சள் மட்டும் வெளியே தெரியும். ஏப்ரல் கடைசியில் மலைமேல் நின்று பார்த்தால் எந்தக் கட்டத்தில் என்ன ரகம் என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்த வருடமே ஓவியர் வான்கோவின் படத்தையும் பார்த்தேன். நூலகத்தில் ஒரு பெரிய புத்தகம், அதில் இரண்டு பக்கத்துக்கு விரிந்த 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்'. 1888 நவம்பரில், தெற்கு பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில் இருந்தபோது வரைந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் தோட்டம் முழுக்கச் சிவப்பு ஒயின் நிறத்தில் இருந்ததைப் பார்த்துத் தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதினார். பார்த்ததை மனதில் வைத்திருந்து பிறகு வரைந்தார். அதற்குச் சில நாள் முன்னால்தான் இன்னொரு ஓவியரான பால் கோகேன் ஆர்லுக்கு வந்து அவரோடு தங்கியிருந்தார். எதிரில் இருப்பதை அப்படியே வரையாதே, நினைவிலிருந்து வரை என்று வற்புறுத்தியவர் அவர். படத்தின் வலது பக்கம் ஆறு ஓடுகிற மாதிரி இருக்கும். அது ஆறு அல்ல, மழையில் நனைந்து மஞ்சள் வானத்தைப் பிரதிபலிக்கிற சாலை. தூரத்தில் ஒரு குதிரை வண்டி. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது, கொடிகளுக்கு நடுவே குனிந்திருந்த பெண்கள். நீலப் பாவாடையும் கூடையுமாக, முகம் தெரியாமல், முதுகு மட்டும் தெரிகிற பெண்கள். அந்த முதுகு எனக்குத் தெரிந்த முதுகு. நம் ஊரில் பந்தலுக்குக் கீழே கை மேலே தூக்கியிருக்கும், அங்கே குனிந்திருக்கும். வலி இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

1890-ல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அதை 400 பிராங்குக்கு வாங்கியவர் ஆன்னா போக். அவரும் ஓவியர். வான்கோ உயிரோடு இருந்தபோது விற்றதாக உறுதியாகத் தெரிந்த மிகச் சில படங்களில் அது ஒன்று. இப்போது மாஸ்கோவில் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே தோட்டத்தை, அதே நவம்பரில், கோகேனும் வரைந்தார். அவர் படத்தில் தோட்டம் பின்னால் ஒரு சிவப்புத் திட்டாக ஒதுங்கிவிடும், முன்னால் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். 'மனிதத் துயரம்' என்று அதற்குப் பெயர். கோபன்ஹேகன் பக்கம் ஆர்ட்ரப்கார்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன்.

சரி, என் தேடலுக்கு வருகிறேன்.

ஸ்டெல்லன்போஷ், ஃபிரான்ஷூக், பார்ல். இந்த மூன்று ஊரிலும் தெருவுக்குத் தெரு ஓவியக் கடை. திராட்சைத் தோட்டப் படம் இல்லாத கடையே கிடையாது. பெரும்பாலும் 'போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட் பாணி' என்று சொல்லித்தான் விற்பார்கள். அந்தப் பெயரே 1910-ல் லண்டனில் ரோஜர் ஃப்ரை என்ற கலை விமர்சகர் நடத்திய கண்காட்சிக்காக வைத்தது. வான்கோ, கோகேன், செஸான், ஸூரா என்று ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்களை எல்லாம் ஒரே பையில் போட்டுக் கட்டின பெயர். அதனால் கடைக்காரர் அந்தப் பாணி என்றால், யாருடைய பாணி என்று கேட்க வேண்டும். இங்கே நான் அதிகம் பார்த்தது இரண்டு. ஒன்று வான்கோ வழி: வண்ணத்தைக் கட்டியாக அப்பி, கத்தியால் இழுத்து, வரிசை வரிசையாகக் கொடி ஓடுகிற மாதிரி. இன்னொன்று செஸான் வழி. ஸ்டெல்லன்போஷுக்கு மேலே நிற்கிற சைமன்ஸ்பர்க் மலைக்கு அது அப்படிப் பொருந்துகிறது! செஸான் ஊரில் அவர் திரும்பத் திரும்ப வரைந்த செயின்ட் விக்டுவார் மலையைப் போலவே இதுவும் தோட்டங்களுக்கு மேலே சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக எழும்பி நிற்கும். சின்னச் சின்னச் சதுரத் திட்டுகளாக வண்ணத்தை அடுக்கி அந்த மலையைக் கட்டியிருந்த ஒரு படத்தின் முன்னால் இருபது நிமிடம் நின்றேன். உண்மையிலேயே நல்ல படம். விலை 38,000 ரேண்ட் என்பதால் திரும்பிவிட்டேன்.

அவசரப்பட்டு ஒரு தடவை ஏமாந்தேன். அதை இங்கே எழுதக் காரணம், இதைப் படிக்கிற யாராவது படம் வாங்கப் போகலாம். சுற்றுலாப் பயணிகள் வருகிற ஒரு தெருக் கடையில் 'கையால் வரைந்தது' என்று சொல்லி 4,200 ரேண்டுக்கு ஒரு சிவப்புத் தோட்டம் கொடுத்தார்கள். மேலே தடவினால் தூரிகைத் தடம் கைக்கு உறைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, சாயந்திர வெயில் பக்கவாட்டில் விழுந்தபோதுதான் பார்த்தேன். தூரிகைத் தடம் ஒரு பக்கம் போகிறது, வண்ணம் இன்னொரு பக்கம் போகிறது. தடம் கொடியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மகளுடைய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக அச்சு. கான்வாஸில் படத்தை அச்சடித்து, மேலே தெளிவான ஜெல்லை யாரோ தூரிகையால் பூசியிருக்கிறார்கள். திரும்பப் போய்ச் சண்டை போட்டதில் பாதிப் பணம்தான் வந்தது.

அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் பக்கவாட்டிலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். வண்ணம் மாறுகிற இடத்தில் மேடும் மாற வேண்டும். பின்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். கான்வாஸ் ஓரத்தில், சட்டத்தில் மடித்து அடித்த இடத்தில், ஓவியர் தூரிகையைத் துடைத்த தடமோ கோணல்மாணலாக வழிந்த வண்ணமோ இருந்தால் மனசுக்கு நிம்மதி. கட்டியாக அப்பின எண்ணெய் வண்ணம் என்றால் ஆளி எண்ணெய் வாசனை மாதக்கணக்கில் இருக்கும். அச்சுப் படம் வாங்குவது தப்பு என்று சொல்லவில்லை, அச்சு என்று சொல்லி விற்க வேண்டும்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயா வந்தார். ரைலண்ட்ஸில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். டர்பன் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். வயது எண்பத்திரண்டு. தெருவே அவரை ஆயா என்றுதான் கூப்பிடும். அவருடைய தாத்தா மெட்ராஸிலிருந்து கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். 1860-ல் ட்ரூரோ கப்பலில் தொடங்கிய அந்த வரவின் பின்பகுதியில் வந்த குடும்பம். ஆயாவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. தேவாரம் மனப்பாடம். பேச்சில் முக்கால்வாசி இங்கிலீஷ், மீதி அவருடைய பாட்டியின் தமிழ்.

கடைகளில் நான் எடுத்து வைத்திருந்த படங்களை எல்லாம் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். முப்பது, நாற்பது இருக்கும். சைமன்ஸ்பர்க், வெள்ளைச் சுவர் பண்ணை வீடு, ஓக் மரம், வரிசை வரிசையாகக் கொடி. ஆயா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். கடைசியில் என் கையைப் பிடித்து நிறுத்தி,

"ஆளு எங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. 

"இவ்ளோ தோட்டம் இருக்கு. ஆளே காணோமே. யாரு வெட்றது?"

திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். நாற்பது படத்தில் ஒன்றில்கூட மனிதர் இல்லை. ஒரே ஒரு படத்தில் தூரத்தில் நாய் ஒன்று இருந்தது. இவ்வளவு நாள் எது குறைகிறது என்று தெரியாமலேயே கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். பிடித்த படத்தின் முன்னாலும் ஏதோ ஒன்று ஒட்டாமல் நின்றிருக்கிறேன். வான்கோ படத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினதும் அந்த முதுகுகள்தானே.

ஆள் இல்லாத திராட்சைத் தோட்டம் அழகாக இருக்கலாம். ஆனால் இந்த மண்ணில் அது உண்மையாக இல்லை. கேப்பில் முதன்முதலாகத் திராட்சை பிழிந்தது 1659-ல். அதற்குப் பிறகு 1834-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரைக்கும், சட்டம் வந்த பிறகும் 'பழகுநர்' என்று பெயர் மாற்றி மேலும் நாலு வருடத்துக்கும், கொடி நட்டவர்களும் கவாத்து செய்தவர்களும் பழம் மிதித்தவர்களும் அடிமைகள். அவர்களை எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? மடகாஸ்கர், மொசாம்பிக், ஜாவா, வங்காளம், மலபார், அப்புறம் சோழமண்டலக் கரை. கேப் டவுன் நகரத்துக்குள் இருக்கிற அடிமைகள் விடுதி இப்போது அருங்காட்சியகம். பழைய ஆவணங்களில் அவர்களுக்கு ஊரையே பெயரோடு ஒட்டி எழுதியிருப்பார்கள்: இன்னார், வங்காளத்தார். இன்னார், மலபாரார். இன்னார், சோழமண்டலத்தார். நாகப்பட்டினம், பழவேற்காடு எல்லாம் அந்தக் கரைதான். ஒப்பந்தக் கூலிகள் டர்பனில் இறங்குவதற்கு இருநூறு வருடம் முன்னாலேயே நம் கரையைச் சேர்ந்தவர்கள் இங்கே திராட்சைத் தோட்டத்தில் நின்றிருக்கிறார்கள். இதை நினைக்காமல் என்னால் ஸ்டெல்லன்போஷ் சாலையில் போக முடிவதில்லை.

அடிமை முறை போன பிறகும் 'டொப்' தொடர்ந்தது. கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே ஒரு நாளில் பல தடவை ஊற்றிக் கொடுப்பது. சட்டம் தடுத்த பிறகும் ரொம்ப நாள் நடந்தது. அதன் பாதிப்பு இன்றைக்கும் பிறக்கிற குழந்தைகள் வரைக்கும் இருக்கிறது. 2012 நவம்பரில் நான் மேலே சொன்ன அதே டி டோர்ன்ஸில்தான் திராட்சைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி என்1 சாலைக்கு வந்து நின்றார்கள். ஒரு நாள் கூலி அப்போது 69 ரேண்ட். அவர்கள் கேட்டது 150. 2013 மார்ச்சில் சட்டப்படி 105 ஆனது.

இவ்வளவும் நடந்த இடத்தை ஆள் இல்லாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள். நான் அதைச் சுவரில் மாட்ட மாட்டேன் என்று ஆயா போன பிறகு கணவரிடம் சொன்னேன். "அப்ப ஆள் இருக்கிற படம் தேடு" என்றார். நியாயம்தானே.

அலுவலகத்தில் டி டோர்ன்ஸ்காரப் பெண் ஒருத்தி பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். அவளிடம் சொன்னபோது, வூஸ்டரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வரைகிறார், எங்கள் அம்மாக்களைத்தான் வரைகிறார் என்றாள். வூஸ்டர் ஓவியத்துக்குப் பேர்போன ஊர்தான். கேப் நிலக்காட்சிகளை இம்ப்ரெஷனிஸ்ட் முறையில் முதலில் வரைந்தவர்களில் ஒருவரான ஹியூகோ நோடே அங்கே பிறந்தவர். ஒரு சனிக்கிழமை போனோம்.

அந்த அம்மாவின் கார் கொட்டகைதான் ஓவிய அறை. கார் வெளியே வெயிலில் நின்றது. உள்ளே நுழைந்ததும் ஆளி எண்ணெய் வாசனை. எட்டுப் பத்துப் படம் சுவரில் சாய்ந்திருந்தது. நான் வாங்கியது மூன்றாவதாக இருந்தது. அறுபதுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர். பின்னால் ஹெக்ஸ் ரிவர் மலைத்தொடர், நீலமும் ஊதாவும் கலந்து, செஸான் மாதிரி திட்டுத் திட்டாக. முன்னால் முழுக்கச் சிவப்பு. வண்ணம் அப்படி அப்பியிருந்ததில் ஒவ்வொரு இலையும் விரல் நுனி அளவுக்கு மேடு. நடுவே பெண்கள். தலையில் டூக் துணி, மேலே அகலத் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், பக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டி. ஒருத்தி பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று வெட்டுகிறாள். முகம் எதுவும் தெளிவாக இல்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் வேறு வேறு ஆள் என்று நிற்கிற நிலையிலேயே தெரியும்.

பிடித்துப்போனது. ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உறுத்தியது. தொழில் தெரிந்தவளாச்சே, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா, இவ்வளவு இலை சிவக்கிறபோது அறுவடை முடிந்திருக்குமே? இத்தனை பேர் எதை வெட்டுகிறார்கள்?"

அவர் என்னை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். இதுவரை படம் பார்க்க வந்தவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். அப்புறம் சொன்னார். அவருடைய அம்மா பருவத் தொழிலாளி. கோடையில் மட்டும்தான் வேலை. பிப்ரவரியில் விடிவதற்கு முன்னால் லாரி வரும், அம்மா கிளம்பிவிடுவார். இலை சிவக்கத் தொடங்கினால் வீட்டில் பேச்சு குறையும். சிவப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது, அடுத்த சம்பளம் எப்போது என்று தெரியாது. வேனில் வருகிறவர்கள் இறங்கி நின்று அந்தச் சிவப்பைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அம்மா அந்த மாதத்தில் கடையில் கடன் சொல்லுவார். "என் தலைக்குள்ளே அந்தப் பெண்களும் அந்த நிறமும் பிரிந்து இருந்ததே இல்லை. அதனால் சேர்த்து வரைந்தேன்" என்றார்.

நான் வந்த முதல் ஏப்ரலை நினைத்துப் பார்த்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பள்ளத்தாக்கில் கொடி பச்சையாகவே இருக்கிறதால் கூலிக்கு வருகிறவர்களுக்கும் ஏதோ ஒரு தோட்டத்தில் ஏதோ ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். இங்கே சிவப்பு என்பது ஒரு தேதி.

வான்கோவும் நினைவிலிருந்துதான் வரைந்தார் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். தெரியும் என்றார். பள்ளியில் முப்பது வருடம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், எனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும். சிவப்புக்கு என்ன வண்ணம் எடுத்தீர்கள் என்று கேட்டேன். இது முக்கியமான கேள்வி, கூச்சப்படாமல் கேட்க வேண்டும். வான்கோ பயன்படுத்திய சில சிவப்புகள் வெளிச்சத்தில் வெளுத்துப்போய்விட்டன. ஆர்லில் அவர் வரைந்த படுக்கையறைப் படத்தின் சுவர் முதலில் ஊதா. அதிலிருந்த சிவப்பு போனதால்தான் இன்று நீலமாகத் தெரிகிறது. அந்த அம்மா மேசையிலிருந்த டியூப்களை எடுத்துக் காட்டினார். காட்மியம் சிவப்பு, குயினாக்ரிடோன். பழைய அலிசரின் கிரிம்ஸனை அவர் தொடுவதில்லை, அது நிற்காது. டியூப் மேலேயே வெளிச்சத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று ஒரு குறியீடு போட்டிருக்கும், எனக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.

விலை 11,500 ரேண்ட் சொன்னார். நான் பேரம் பேசவில்லை. மூன்று தவணையாகத் தருகிறேன் என்றேன், சரி என்றார். ஒரு தாளில் படத்தின் பெயர், அளவு, வண்ணம், வருடம், கையெழுத்து எல்லாம் எழுதிக் கொடுத்தார். வண்ணம் கட்டியாக இருப்பதால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கும், ஒரு வருடம் கழித்துக் கொண்டுவா, வார்னிஷ் நானே அடித்துத் தருகிறேன் என்றார். சட்டம் வெளியே போட்டோம், அது தனியாக 1,900.

மாட்டும்போது ஒரு சின்ன விஷயம். ஊரில் தெற்குப் பக்கச் சன்னலைப் பார்த்துப் பழகியிருப்போம். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகும், அதனால் வடக்குச் சன்னலில்தான் நாள் முழுக்க வெயில் அடிக்கும். அந்த வெயில் நேராக விழாத சுவராகப் பார்த்தேன். கேப் டவுனில் குளிர்காலத்தில்தான் மழை, சுவர் ஓதம் இழுக்கும். சட்டத்தின் நாலு மூலையிலும் பின்பக்கம் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக வழி விட்டேன்.

ஆயா வந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். விரலை நீட்டி எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு…" ஏழு வந்தது. திரும்ப எண்ணினார். மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நின்ற ஒருத்தியைக் கண்டுபிடித்து எட்டு என்றார். நான் அதுவரைக்கும் அவளைப் பார்த்திருக்கவில்லை. அது தண்ணீர் கொண்டுவருகிற பெண்ணாக இருக்கும், கரும்புக் காட்டில் எங்கள் அம்மா சின்ன வயதில் அந்த வேலைதான் பார்த்தாள் என்றார் ஆயா.

அன்று ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே நடுராத்திரி ஆகப்போகிறது, ஆனாலும் முழித்திருந்தார். போனைப் படத்துக்கு முன்னால் பிடித்தேன்.

"என்னத்தா இம்புட்டுச் சிவப்பா இருக்கு?"

இலை சிவக்கிறதைப் பற்றிச் சொன்னேன். அந்த ஆசிரியையின் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கிட்டக்க கொண்டு போ" என்றார். கொண்டு போனேன். "இன்னும் கிட்டக்க. அந்தப் பொட்டி மேல ஏறி நிக்கிற பிள்ளகிட்ட."

அவளுடைய கை என்பது பழுப்பு வண்ணத்தில் இரண்டே இரண்டு இழுப்பு. கொத்து என்பது கருநீலத்தில் ஐந்தாறு அப்பல். இரண்டுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு.

"காம்பத்தான் பிடிச்சிருக்கா பாரு" என்றார் அப்பா.

அப்புறம் அந்த மலையில் பனி விழுமா, கொடிக்கு என்ன மருந்து அடிக்கிறார்கள், மயில்துத்தம் அங்கேயும் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். போனை வைக்கிறதற்கு முன்னால், படத்தை நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். காலையில் கொத்து வெட்ட ஆள் வருகிறார்களாம், அவர்களிடம் காட்ட வேண்டுமாம்.